அண்ணாச்சி ஆகாயத்தில் இருக்கிறார்

"நாளைக்குத் தூத்துக்குடிக்கு ஃபிளைட்டுல போறேன்வே. வீட்டுல ஒரு ஆள் கிடையாது. தங்கச்சி குடுத்து வச்ச நகை பூரா பீரோவுலதான் கெடக்கு. கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

கல்மண்டபம் டீக்கடையில் மளிகை வியாபாரி வெள்ளத்துரை அண்ணாச்சி இதைச் சொன்ன சத்தத்துக்கு, போன் இல்லாமலே தூத்துக்குடியில் கேட்டிருக்கும்.

பக்கத்துப் பெஞ்சில் டில்லிபாபு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். பூட்டுத் திறப்பதில் கைராசிக்காரன். மாட்டிக்கொள்வதிலும் அப்படித்தான்.

எண்ணூர் வீட்டுக்குப் போனதும் செல்போனில் தேடினான். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஆகாய மார்க்கமாக ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பயண நேரம் ஒன்றரை மணி. அதுவரை அண்ணாச்சியின் போன் ஊமை. 'ஏசி ரிப்பேருக்கு அண்ணாச்சிதான் அனுப்பினார்' என்று தெருவில் அளந்துவிட்டாலும், யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

மறுநாள் காலை அவன் கையிலிருந்த பையை மனைவி புஷ்பவல்லி பார்த்துவிட்டாள்.

"இன்னொரு தபா புழல் ஜெயிலுக்குப் போனேன்னு வையி, நானும் புள்ளையும் எங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருப்போம்."

"இதான் கடைசி. கணக்கு போட்டுட்டேன், ஒரு பேஜாரும் கெடையாது."

மளிகைக்கடை போர்டில் பார்த்து வைத்திருந்த அண்ணாச்சியின் எண்ணை அழுத்தினான். ஸ்விட்ச் ஆஃப். ஆள் ஆகாயத்தில்! ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

திருவொற்றியூரில் கண்டெய்னர் டிரெய்லர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னால் லாரி, பின்னால் லாரி. சைக்கிள்கூட நுழைய முடியாது.

"எப்பய்யா எடுப்பீங்க?"

"கிரேன் வந்துகினு கீது நைனா," என்றான் டிரைவர்.

"எங்க வந்துகினு கீது?"

"அதுவும் டிராபிக்லதான் மாட்டிகினு கீது."

இந்நேரம் அண்ணாச்சி திருச்சியைத் தாண்டியிருப்பார். டில்லிபாபு எதிரிலிருந்த பஞ்சர் கடையைத் தாண்டவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருவழியாகக் கல்மண்டபம் வந்து சேர்ந்தால், அண்ணாச்சி வீட்டு வாசலில் போலீஸ் ஜீப்! கூட்டத்தோடு கூட்டமாக நின்றான்.

"இன்னா மேட்டரு?"

"பூட்ட ஒடச்சு பீரோவ வழிச்சுகினு பூட்டாங்களாம். ஊர்ல எறங்கின ஒடனே அண்ணாச்சியே போலீசுக்கு போன் போட்டாரு, பாவம்," என்றாள் ஒரு பெண்மணி.

எவனோ முந்திக்கொண்டான்! டில்லிபாபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் இன்ஸ்பெக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். அண்ணாச்சி கதறினார்.

"பூட்டு ஒடஞ்சு கெடக்குன்னு தெருக்காரங்கதான் போன்ல சொன்னாவ. ஒரு குண்டுமணி மிச்சமில்லையாம். தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

"எந்தத் தெருக்காரங்க? தெருவே இங்கதான் நிக்குது. பூட்டு அப்படியே முழுசா தொங்குதே அண்ணாச்சி?"

போன் கட்டானது.

டீக்கடையில் அத்தனை சத்தம் யாருக்காக என்று டில்லிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. நகையை எப்போதோ விற்றுத் தின்றுவிட்ட அண்ணாச்சிக்கு ஒரு திருடன் தேவைப்பட்டிருக்கிறான். ஒன்றரை மணி நேரத்தில் அவன் வேலையை முடித்திருப்பான் என்று அவரும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

புகார் நேரத்துக்குப் பறந்து வந்துவிட்டது. திருட்டுதான், பாவம், கண்டெய்னருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.