எந்தப் பட்டனுங்க?

கோவைக் கண்காட்சியில், இணையதளம் உருவாக்கும் மென்பொருள் விற்கிற இரண்டு கம்பெனிகளுக்கும் எதிரெதிர் அரங்குகள் அமைந்துவிட்டன. ஒன்றின் முதலாளி செண்பகா ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிர் அரங்கின் முதலாளி விமலாதித்தன் மைக்கில், "அந்தம்மாவோட வாடிக்கையாளருங்க யாராச்சும் இருந்தா மேடைக்கு வாங்க! எங்ககிட்ட மாறுனா முதல் வருசம் இலவசம்!" என்று கூவினான். அவள் வாடிக்கையாளர்களில் ஏற்கெனவே பாதிப் பேர் அப்படிப் போயிருந்தார்கள்.

ஈரோட்டில் அத்தர் விற்கும் அவளுடைய வாடிக்கையாளர் சாதிக் மேடையேறியதும் செண்பகா எழுந்து நின்றாள். கண் தெரியாத அவர் போனில் குறை சொல்லச் சொல்லத்தான், தன் மென்பொருளின் ஒவ்வொரு பட்டனுக்கும், போன் வாசித்துச் சொல்லும்படி அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அவருமா போகிறார்?

"இணையக் கடைல அத்தர் விலையை மாத்திப் பாக்கோணுமுங்க," என்றபடி சாதிக் விமலாதித்தனின் கணினியைத் தட்டினார். திரையை வாசித்துச் சொல்லும் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது: "பட்டன். பட்டன். பட்டன்."

"எந்தப் பட்டனுங்க?"

விமலாதித்தன் திரையில் ஒன்றைச் சுட்டிக் காட்டினான். சாதிக் தன் போனில் செண்பகாவின் மென்பொருளைத் திறந்து மைக்கருகே நீட்டினார். "மல்லிகை அத்தர். விலையை மாற்று," என்றது குரல்.

"இது என்னையும் ஆளா மதிச்சுப் பேசுதுங்க. நான் எதுக்கு மாறோணும்?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. கூட்டம் அப்படியே செண்பகாவின் அரங்குக்குத் திரும்பியது. உட்கார நாற்காலி போதவில்லை. சற்று நேரத்தில் விமலாதித்தனே தன் நாற்காலிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எனக்கும் காட்டுறீங்களா?"

"காட்டுறனுங்க," என்று செண்பகா சிரித்தாள். "வரிசைல நில்லுங்க."