சேலத்துக்குப் போன நகல்

நாகலூர் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் மாட்டச் சேலத்திலிருந்து வந்த ரகோத்தமனுக்கு அந்த மலையில் யாரையுமே பிடிக்கவில்லை. கிளார்க் ஜரீனா நீட்டிய டம்ளரைக் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தான். இங்கே அடிப்பதெல்லாம் டெலிபோன் லைன் வழியாகத் தன்பாட்டுக்குச் சேலம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் நகலாகிவிடும் என்றான்.

"ஏனுங்க, நாம சொல்லாமயே போயிருங்களா?"

"காப்பிப் பழம் பறிக்கிற ஊர்ல இதெல்லாம் யாருக்குப் புரியும்?"

சாயங்காலம், எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கச் சேலத்துக்குப் போன் போட்டான். பியூன் சின்னசாமி எடுத்தார்.

"நாகலூருங்களா? எல்லாம் வந்துருச்சுங்க. ரகோத்தமன் சாரும் இப்பத்தான் வந்தாருங்க. டீ குடிச்சுட்டிருக்காரு."

"முட்டாள்! அந்த ஆளைக் கூப்பிடு."

ஒரு செருமல் கேட்டது. பிறகு ரகோத்தமனின் குரலே சலிப்போடு சின்னசாமியிடம் பேசியது. "மலைமேல இருந்தா? அதான் நான் இங்க வந்துட்டேனே. அது இனி வேண்டாம். போனை வெச்சுடு."

லைன் அறுந்தது. "ஜரீனா!" என்று கத்தினான்.

அவள் திரும்பவில்லை. கம்ப்யூட்டருக்கு உறை போட்டாள். விளக்கை அணைத்தாள். வாசலில் வாட்ச்மேன் ஏதோ கேட்டார்.

"உள்ள ஒருத்தருமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே கதவைப் பூட்டினாள்.