இடம் கிடைக்காவிட்டால்

வெள்ளைக் கோட்டுடன் என் தோழி இரு கைகளையும் நீட்டி நின்றாள். லாரி ஓட்டுநர் தன் புதிய செயற்கைக் காலில் முதல் அடி வைத்தார்.

“விழுந்துடுவேன் டாக்டரம்மா!”

“கீழே பார்க்காதீங்கண்ணே. கால் எங்கேயும் ஓடிப்போயிடாது!”

அவர் சிரித்தபடியே நாலடி நடந்துவிட்டார். அவர் மனைவி தோழியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தோழியைச் சாப்பிட அழைத்துப்போக வந்து மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்சு. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குச் சேர்ந்தே படித்தோம். ஒருத்திக்குத்தான் இடம் கிடைத்தது. பதினெட்டு வருஷமாகியும், இவள் இடத்தில் நான் இருந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

வெளியே போகும்போது ஓட்டுநர் என்னைக் கவனித்தார். சிரிப்பு மறைந்தது. தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்தார். அவர் உயிரைக் காப்பாற்ற அந்தக் காலை வெட்டி எடுத்த டாக்டர் நான்தான்.

“நான் டாக்டர் இல்லைன்னு சொன்னா கேக்கவே மாட்டேங்கறாருடி,” என்று தோழி சிரித்தாள்.

“இந்த வேலைக்கு வரணும்னு உனக்கு எப்படிடி தோணிச்சு?” என்று கேட்டேன்.

“நல்லா கேட்ட போ! ரிசல்ட் வந்த அன்னிக்கு, இது இனிமே எனக்கெதுக்குன்னு நீதானே கொடுத்த?”

மேசை இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

‘இடம் கிடைக்காவிட்டால், செயற்கைக் கால் செய்யப் படிக்க வேண்டும். யாரையாவது நடக்க வைக்க வேண்டும்.’

கையெழுத்து என்னுடையது.