பைலட்டின் செருப்பு

உச்சி வெயிலில் மர வாடியின் நடுவே அந்தப் படகு நின்றது. காரைக்குடியில் படகு! பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். பூமிநாதனுக்கு வரவில்லை.

பாம்பன் கால்வாயில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டைக் கொண்டுபோய் ஏற்றி, திரும்பக் கூட்டி வந்த படகு அது. பத்து வருஷம் அதன் சுக்கானைப் பிடித்தவன் பூமிநாதன். இப்போது கல்லலில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் பார்க்கிறான்.

வாடிக்காரர் கருத்தையா தேக்குக்கு ஆசைப்பட்டு ஏலத்தில் எடுத்துவிட்டார். பலகையெல்லாம் தாரும் டீசலும் ஊறிக் கிடந்தால் எவன் கதவுக்கு வாங்குவான்? 'படகு முழுசாக விலைக்கு' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

"ஏறிப் பாருங்க. வாங்குறதுன்னா இன்னைக்கே சொல்லிருங்க, நாளைக்கு ஆசாரிமாரு உடைக்க வாராக."

பூமிநாதன் வாங்க வரவில்லை. ஒரு ஜோடிச் செருப்பை எடுக்க வந்தான்.

பைலட் மீரான் சாகிபு நூலேணியில் செருப்போடு ஏறமாட்டார். படகிலேயே கழற்றி, பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு கப்பலில் ஏறுவார்.

"செருப்பு உன்கிட்ட இருக்குய்யா, வராம இருந்துறாதே" என்று ஒவ்வொரு தடவையும் கேலி பண்ணுவார்.

அறுபத்து நாலு மார்கழிப் புயலிலும் அப்படித்தான் ஏறினார். கொஞ்ச நேரத்தில் கப்பல் பாறையில் தட்டியது. மேல்தளத்தில் நின்று தோள் துண்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். பூமிநாதன் பார்த்தான். பார்த்துவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். பாவி.

'போற வழியிலேயே பைலட்டை அலை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு, அவர் கப்பலில் ஏறவே இல்லை' என்று விசாரணையில் சத்தியம் பண்ணினான். கப்பலில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. அவர் உடம்பும் கரை ஒதுங்கவில்லை. இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

அந்தச் செருப்பு சொல்லும். ஏறாத மனுஷன் செருப்பைக் கழற்றிப் பெட்டியில் வைப்பானா? பாம்பன்காரன் ஒருத்தன் கண்ணில் பட்டால் போதும், இவனை ஜெயிலில் தள்ளிவிடுவார்கள். அன்றைக்குக் கரையில் மயங்கி விழுந்தவன் எழுந்து வருவதற்குள் துறைமுகத்துக்காரர்கள் படகைப் பூட்டி வைத்துவிட்டார்கள். மூன்று வருஷமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சார்த்தியிருந்த ஏணியில் ஏறினான். பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுப் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே தூசி மண்டிக் கிடந்தது. நடுவில் இரண்டு செருப்பு வைத்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கருத்தையா கீழே இருந்து குரல் கொடுத்தார்.

"செருப்பையா தேடுறீக? காலையிலேயே ஒருத்தர் வந்து, தன்னோடதுன்னு எடுத்து மாட்டிக்கிட்டாரு. 'நேரமானாலும் சுக்கானி என்னைக் கூட்டிப் போக வந்துருவாரு'ன்னு சொல்லிட்டு, அந்தக் கட்டை நிழலில்தான் உக்காந்திருந்தாரு. இந்தா, வாராரே."

பூமிநாதன் பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

கீழே யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டது.

ஏணி அசைந்தது.