நிற்கத் தெரிந்த வாளி

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் பரவும் என்பதால், பெட்ரோல் பங்க்கில் தீயணைக்கும் மணலோடு இரண்டு சிவப்பு வாளிகள் தொங்கின. பழையதற்கு அடி உருண்டை, புதியதற்குத் தட்டை.

“கீழே வச்சா உங்களால நிக்கக்கூட முடியாதாமே அண்ணே?” என்று சிரித்தது புதுசு.

“முடியாதுப்பா. அதனாலதான் என்னை யாரும் எடுத்துட்டுப் போறதில்ல.”

மறுநாளே, பெட்ரோல் போடும் அந்தோணி புதுசின் மணலைக் கொட்டிவிட்டு, கார் கழுவக் கொண்டுபோனார். குழாயடியில் அது ஜம்மென்று நின்றது. ஆனால் யாராவது பீடியோடு உள்ளே நுழைந்தால் போதும், அது காலியாகக் கிடக்கும் தன் கொக்கியையே பார்க்கும்.

ஒரு மத்தியானம் பம்ப் அருகே பைக் ஒன்று தீப்பிடித்தது. பழைய வாளியின் மணல் பாதி நெருப்பைத்தான் அமுக்கியது. மீதி பம்ப்பை நோக்கி ஊர்ந்தது. அந்தோணி ஓடிவந்து அடுத்த கொக்கியைத் துழாவினார்.

“இங்கதான் நிக்கிறேன்” என்று அலறியது புதுசு, வயிறு நிறையச் சோப்புத் தண்ணீரோடு.