மதகைத் திறக்கச் சொன்ன தீர்மானம்

"உங்கள் குளத்தை இனிமேல் நீங்களே ஆண்டுகொள்ளுங்கள்" என்று சிங்கராஜா சொல்லியனுப்பியதும், மீன்களும் தவளைகளும் கூடிக் கும்மாளமிட்டன. தேர்தல் வைத்து ஆமையைத் தலைவராக்கின.

கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. மேலேரியின் மதகைத் திறக்கவேண்டும் என்று எல்லாம் சேர்ந்து தீர்மானம் போட்டன. ஆமை அதைச் சுமந்துகொண்டு மூன்று நாள் நடந்து, மதகுக்கு அதிகாரியாக இருந்த முதலையிடம் நீட்டியது.

"தீர்மானம் போட உங்களுக்கு முழு அதிகாரம் உண்டுங்க தலைவரே," என்றது முதலை பணிவாக. "மதகு மட்டும் ராஜாவுக்குச் சொந்தம். மேலே அனுப்புகிறேன்."

"அங்கே குஞ்சுகளெல்லாம் சேற்றில் துடிக்குதுங்க ஐயா!"

"அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்."

ஆமை அங்கேயே காத்துக் கிடந்தது. மதகுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள்தான் உத்தரவு வந்தது.

குளத்துக்குத் திரும்பியபோது வெடித்த சேற்றில் ஒரேயொரு தவளை உட்கார்ந்திருந்தது.

"ராஜா என்ன சொல்லிட்டாரு, தலைவரே?"

ஆமை உத்தரவை விரித்தது. மெதுவாகப் படித்துக் காட்டியது: "செத்த மீன்களை எங்கே புதைப்பது என்பதைக் குளமே முடிவு செய்துகொள்ளலாம்."