குவைத் முற்றத்து வேப்பமரம்

"இன்னும் ரெண்டு வாளி ஊத்து! அடிமரம் முங்குற மாதிரி ஊத்து!"

கைபேசியைப் பார்த்துச் செல்லசாமி போட்ட சத்தத்தில் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையே திரும்பிப் பார்த்தது. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த பக்கத்துக் காம்பரா வீட்டு வீரம்மா, காலைக்கூடக் கழுவாமல் வந்து எட்டிப் பார்த்தாள்.

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கைபேசிக்குள் வெயில் கொளுத்தியது. குவைத்தில் ஒரு பெரிய வீட்டின் மணல் முற்றம். நடுவில், இலை பழுத்த இளம் வேப்பமரம். பக்கத்தில் வாளியும் கையுமாக வியர்த்து வழிந்தபடி செல்லசாமியின் மனைவி ஜீவராணி.

"மரம் தேறுமா தம்பி?" என்று கேட்டாள் வீரம்மா.

"பாப்போம் அக்கா. மரம் செத்தா உன்னய ஊருக்கு அனுப்பிருவேன்னு அந்த வீட்டுக்கார மேடம் இவகிட்டக் குதிக்கிறா. காரு நிப்பாட்ட நெழல் வேணுமாம்."

"வேலைக்காரி வெயில்ல வேகலாம், காரு வேகக்கூடாதாக்கும்!"

வீரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஜீவராணி பேசும் நேரமெல்லாம் செல்லசாமியின் வாசலில்தான் நின்றாள்.

அவன் தினமும் ஒரு வைத்தியம் சொன்னான். காலை, பகல், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர். மறுநாள், துணி துவைத்த சோப்புத் தண்ணீர். அதற்கும் அடுத்த நாள், "பச்சைக் கோழி எருவ அடிமரத்தோட சேத்துக் குவி" என்றான்.

வீரம்மா வெடித்தாள். "அட கூறுகெட்டவனே! பச்சை எரு சூட்டுல வேரு வெந்துராது?"

சொன்னதோடு நிற்காமல் கைபேசியையும் பிடுங்கினாள். "அடியே ஜீவராணி! இந்த ஆளு பேச்சக் கேக்காத! தண்ணிய நிறுத்து, மண்ணு காயட்டும், எருவ அள்ளி அங்கிட்டுப் போடு..."

செல்லசாமி பாய்ந்து வாங்கிக்கொண்டான். "அக்கா, இருபது வருசமா தோட்டத்துல நெழல் மரந்தான் எனக்கு வேலை. எனக்குத் தெரியாதா?"

"இருபது வருசமா கெளை வெட்டுறதுதானேடா ஒன் வேலை! ஒரு மரத்தையாச்சும் வளத்திருக்கியா?"

அவன் கைபேசிப் பக்கம் திரும்பினான். ஜீவராணியிடம், "நான் சொன்னபடி செய்" என்றான். அவளும் தலையாட்டினாள். புருஷன் சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பாள் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள் வீரம்மா.

பத்தாம் நாள் கைபேசி அடித்தபோது செல்லசாமியை முந்திக்கொண்டு வீரம்மாவே எடுத்தாள். வேப்பமரம் விறகாக நின்றது. பின்னால் மேடம் அரபியில் கத்திக்கொண்டிருந்தாள். ஜீவராணி முக்காட்டால் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின.

"பாவி மகனே!" வீரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேனே! கட்டுனவ பொழப்பையே கெடுத்துட்டியேடா!"

இணைப்பு அறுந்தது. செல்லசாமி கைபேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். திட்டித் திட்டி வீரம்மாவுக்கே தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் பாவமாக இருந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சரி விடு. அவகிட்ட என்னதான் சொல்லப் போற?"

டிங் என்றது கைபேசி. ஜீவராணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்ததும் செல்லசாமியின் கண் கலங்கியது. வாயோ காது வரை விரிந்தது.

"ரெண்டு வருசம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவ அக்கா, மூணு வருசமாச்சு. பாஸ்போட்ட அலமாரியில பூட்டிக்கிட்டு அந்த மேடம் அனுப்பவே மாட்டேன்னுட்டா. நாங்க ரெண்டுபேரும் போட்ட திட்டத்த ஒங்ககிட்டச் சொன்னா குவைத்துக்கே கேட்டிரும்னுதான் மூச்சு விடல" என்று சொல்லி, படத்தில் இருந்த, ஜீவராணி பேரில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போட்டிருந்த டிக்கெட்டை அவளிடம் காட்டினான். "வெள்ளிக்கிழமை வேன் புடிக்கப் போறேன், நீங்களும் வர்றீங்களா?"